பம்பைக் கழற்றும் முன்: லாரியின் டீசல் லைனைப் பராமரிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

சேலத்திலிருந்து லோடு ஏற்றிக்கொண்டு பெங்களூருக்கு வருகிற வண்டிக்குத் தொப்பூர் கணவாய்தான் பரீட்சை. அதுவரை நன்றாக வந்த என் பழைய லாரி ஒருநாள் அந்த ஏற்றத்தில் இழுக்கவில்லை. டிரைவர் போன் செய்தார். "அண்ணே, ஆக்சிலேட்டரை முழுசா மிதிச்சாலும் வண்டி முக்குது. ஓரங்கட்டி ஒரு டீ குடிச்சிட்டு வந்து எடுத்தா மறுபடி நல்லா ஓடுது." நோய் எங்கே என்பது அந்த இரண்டாவது பேச்சிலேயே இருந்தது. அன்று என் காதில் அது ஏறவில்லை.

பெங்களூர் வந்ததும் ஒரு பம்ப் நாசில் கடையில் விட்டேன். "பம்ப் போயிருச்சு" என்றார்கள். கழற்றி, எலிமெண்ட் மாற்றி, கலிபரேஷன் செய்து திருப்பித் தர மூன்று நாள். ஒரு மாத டியூ கட்டுகிற பணம் போனது. அடுத்த டிரிப்பில் அதே தொப்பூரில் அதே முக்கல். கடைசியில் கலாசிபாளையத்தில் வேலை பார்த்த ஒரு வயதான மெக்கானிக் வந்தார். பம்பைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எஞ்சின் ஓடும்போதே டேங்க் மூடியைத் திருகினார். 'உஸ்ஸ்' என்று காற்று உள்ளே போனது. முக்கிக்கொண்டிருந்த எஞ்சின் நிமிர்ந்தது. எஃப்.சி.க்கு (வண்டியின் தகுதிச் சான்றிதழுக்கு) பெயின்ட் அடித்தவர் டேங்கின் காற்றுத் துளையையும் சேர்த்துப் பூசியிருந்தார். டீசல் குறையக் குறைய உள்ளே காற்று வர வழியில்லை. டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, ஃபீட் பம்ப் இழுக்க முடியாமல் திணறியிருக்கிறது.

அன்றிலிருந்து என் வண்டிகளுக்கு ஒரே விதிதான். டேங்க் மூடியில் தொடங்கி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போக வேண்டும். பம்பும், எஞ்சினுக்குள் டீசலைத் தூவுகிற இன்ஜெக்டரும் கடைசி. இந்த வழிகாட்டியும் அதே வரிசையில்தான் போகிறது. என்னிடம் பழைய இன்லைன் பம்ப் வண்டி ஒன்றும் பி.எஸ்.6 (புதிய புகை விதிக்கு ஏற்ற, காமன் ரயில்) வண்டி ஒன்றும் இருப்பதால், இரண்டுக்கும் வேறுபடுகிற இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

டீசல் போகிற பாதை

டேங்கின் அடியில் உள்ள சல்லடை வழியாக டீசல் இழுக்கப்படுகிறது. அங்கிருந்து, தண்ணீரைப் பிரிக்கிற வாட்டர் செப்பரேட்டரோடு சேர்ந்த முதல் ஃபில்டர், பிறகு ஃபீட் பம்ப், பிறகு இரண்டாவது ஃபில்டர். சில வண்டிகளில் ஃபீட் பம்பும் முதல் ஃபில்டரும் இடம் மாறியிருக்கும். இதுவரை உள்ளது தாழ்ந்த அழுத்தப் பகுதி. அடுத்து வருவது உயர் அழுத்தப் பம்ப். பழைய வண்டியில் அது ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் குழாயில் டீசலைத் தள்ளும். காமன் ரயில் வண்டியில் எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான, 'ரயில்' என்கிற ஒரே குழாயில் அழுத்தத்தைச் சேர்த்து வைக்கும். எப்போது எவ்வளவு அடிப்பது என்பதை எஞ்சினின் கம்ப்யூட்டரான ஈ.சி.யு. சொல்ல, இன்ஜெக்டர் திறக்கும். எரியாமல் மிஞ்சிய டீசல் ரிட்டர்ன் லைனில் டேங்குக்குத் திரும்பும்.

பெங்களூர்க்காரர்களுக்குப் பம்ப் என்றால் இன்னும் 'மைக்கோ பம்ப்'தான். 1951-ல் தொடங்கிய மைக்கோ கம்பெனி 2008-ல் பாஷ் என்று பெயர் மாறிவிட்டது. ஆடுகோடி ஆலையில் வேலை பார்த்த தமிழ்க் குடும்பங்களும், பி.டி.எம். பக்கம் மைக்கோ லேஅவுட்டும் அந்தப் பெயரை விடவில்லை.

அழுத்தத்தின் அளவு தெரிந்தால் சுத்தத்தின் அருமை புரியும். லாரி டயரில் இருப்பது சுமார் 8 பார். பழைய வண்டியின் நாசில் (இன்ஜெக்டர் முனை) திறப்பது 200, 250 பாரில். காமன் ரயிலில் 1,600 பாரும் அதற்கு மேலும். இந்த அழுத்தம் ஒழுகாமல் நிற்க, உள்ளே இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே சில மைக்ரான் இடைவெளிதான் விட்டிருப்பார்கள். தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான். கண்ணுக்கே தெரியாத மணல்கூட அங்கே அரம் மாதிரி வேலை செய்யும். போதாததற்கு, அந்த உறுப்புகளுக்கு எண்ணெய் விடுவதும் டீசல்தான். டீசலில் தண்ணீர் கலந்தால் அந்த வழவழப்பும் போய்விடும்.

டீசல் போடும்போது

ஓசூரில் போடுவதா, அத்திப்பள்ளி தாண்டிக் கர்நாடகத்தில் போடுவதா என்று விலை பார்த்து முடிவு செய்வோம். அதில் தப்பில்லை. ஆனால் வியாபாரம் நடக்கிற, நாம் வழக்கமாகப் போடுகிற பங்க்காக இருக்கட்டும். டேங்கர் லாரி வந்து டீசல் இறக்கிக்கொண்டிருந்தால் அந்த நேரத்தில் போடாதீர்கள். நிலத்தடி டேங்கின் அடியில் படிந்த கசடும் தண்ணீரும் அப்போதுதான் கலங்கி மேலே வரும். சந்தேகம் வந்தால் அடர்த்தி அளந்து காட்டச் சொல்லலாம். ஜாடி, ஹைட்ரோமீட்டர், தெர்மாமீட்டர் மூன்றும் பங்க்கில் இருக்க வேண்டும். பதிவேட்டில் உள்ள அளவுக்கும் அளந்ததற்கும் கன மீட்டருக்கு 3 கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது.

பயோடீசல் என்ற பெயரில் ரோட்டோரத்தில் மலிவாகக் கிடைக்கிற எண்ணெய், மண்ணெண்ணெய்க் கலப்பு, 'கொஞ்சம் டூ டி ஆயில் ஊத்துங்க, பம்ப் ஸ்மூத்தா இருக்கும்' என்று டூ-ஸ்ட்ரோக் வண்டி ஆயிலைச் சேர்க்கச் சொல்கிற யோசனை, எதையும் பி.எஸ்.6 வண்டியின் பக்கமே கொண்டுவராதீர்கள். 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க விற்கிற டீசலில் கந்தகம் 10 பி.பி.எம். அளவுதான். வண்டியின் புகைக்குழாய் அமைப்பு முழுவதும் அதை நம்பித்தான் கட்டப்பட்டிருக்கிறது. பாட்டிலில் விற்கிற அடிட்டிவ் வாங்கும் காசுக்கு நான் ஒரு ஃபில்டர் வாங்கி டூல்ஸ் பாக்ஸில் போட்டுவிடுவேன்.

வாங்கி வைக்கிற டீசலைப் பிளாஸ்டிக் கேனில் வையுங்கள். ஜி.ஐ. வாளி, ஜி.ஐ. டிரம் வேண்டாம். அதன் துத்தநாகப் பூச்சு டீசலோடு வினைபுரிந்து சோப்பு மாதிரி ஒரு படிவை உண்டாக்கும். அது ஃபில்டரை அடைக்கும்.

காலையில் தண்ணீர் வடிப்பது

பகலில் பல நேரம் கனரக வண்டிகளைப் பெங்களூருக்குள் விடமாட்டார்கள் என்பதால், நெலமங்கலா பக்கத்து யார்டில் என் வண்டி பாதி டேங்கோடு நிற்கும் நாட்கள் அதிகம். 900 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர். பகலில் டேங்க் சூடாகும், விடியற்காலையில் குளிரும். டேங்கின் காலி இடத்தில் உள்ள காற்றின் ஈரம் உட்சுவரில் வியர்த்து, துளித்துளியாக அடியில் சேரும். டீசலைவிடக் கனம் என்பதால் தண்ணீர் எப்போதும் அடியில்தான். நாள்பட்டால், தண்ணீரும் டீசலும் சந்திக்கிற இடத்தில் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளர்ந்து கறுப்பாக வழவழவென்று பாசி பிடிக்கும். இரவு நிறுத்தும்போது டேங்க் நிறைந்திருந்தால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும்.

வடிப்பதற்கு ஏற்ற நேரம் விடியற்காலை, சாவி போடுவதற்கு முன். இரவெல்லாம் அசையாமல் நின்றதால் தண்ணீர் நன்றாகப் பிரிந்து கீழே இறங்கியிருக்கும். எங்கள் கிளீனர் பையன் ஒரு காலித் தண்ணீர் பாட்டிலை மேலே வெட்டி வைத்திருக்கிறான். செப்பரேட்டரின் அடியில் உள்ள திருகைக் கையாலேயே இரண்டு சுற்றுத் தளர்த்துவான். முதலில் தெளிந்த தண்ணீர் சொட்டும், பிறகு கலங்கலாக ஒரு கோடு, அதன் பின் டீசல். டீசல் மட்டும் வர ஆரம்பித்ததும் மூடிவிடுவான். பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் அடியில் கண்ணாடி முத்து மாதிரித் தண்ணீர் உருளுவது தெரியும். அரை விரல் உயரம் இருந்தால் சாதாரணம். ஒரே நாளில் ஒரு டம்ளர் வந்தால் அது வியர்வைத் தண்ணீர் இல்லை. கடைசியாக டீசல் போட்ட இடத்தையும் டேங்க் மூடியின் ரப்பரையும் பாருங்கள். வாட்டர் சர்வீஸில் பிரஷர் தண்ணீரை நேராக மூடி மேல் அடித்தாலும் இப்படி ஆகும்.

மழைக்காலத்தில் தினமும், மற்ற நாட்களில் வாரம் இரண்டு முறை. மீட்டரில் தண்ணீர் விளக்கு எரிந்தால் 'ஊர் போய்ப் பார்த்துக்கலாம்' என்று ஓட்டக் கூடாது. அங்கேயே நிறுத்தி வடிக்க வேண்டும்.

டேங்கைக் கழுவுவது

வருடத்துக்கு ஒருமுறை, எஃப்.சி. வேலையோடு சேர்த்துச் செய்தால் மறக்காது. டீசல் குறைவாக இருக்கும்போது அடி பிளக்கைத் திறந்து முழுவதும் வடித்து, டீசலை இழுக்கிற சக்ஷன் குழாயையும் அதன் சல்லடையையும் எடுத்துப் பாருங்கள். டேங்கைச் சுத்தமான டீசலை விட்டுக் குலுக்கித்தான் கழுவ வேண்டும், தண்ணீர் விட்டு இல்லை. உள்ளே துரு உதிர்ந்தால் டேங்கை மாற்றுவதே மேல். காற்றுத் துளையை ஊதிப் பாருங்கள் (ஏன் என்று மேலேயே சொல்லிவிட்டேன்). விரிசலுக்கு வெல்டிங் வைப்பதென்றால், 'காலி டேங்க்தானே' என்று யாரும் தொடக் கூடாது. டீசல் ஆவி நிற்கிற காலி டேங்க் வெடிக்கும். அதை முறையாகக் கழுவி ஆவி நீக்கத் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள்.

ஃபில்டர் மாற்றுவது

எத்தனை கிலோமீட்டரில் என்பது வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும். மாடலுக்கு மாடல் மாறும். ஜல்லி, எம்-சாண்டு லோடு அடிக்கிற வண்டி என்றால் அந்தக் கணக்கை நான் பாதியாக வைத்துக்கொள்வேன். ஃபில்டர் விலைக்கும் ஒரு இன்ஜெக்டர் விலைக்கும் உள்ள தூரத்தைப் பார்த்தால் இதில் யோசிக்க எதுவுமில்லை. பெங்களூர் ஜே.சி. ரோட்டில் வாங்கினாலும் ஊரில் வாங்கினாலும் பில் கேட்டு வாங்குங்கள். பழைய ஃபில்டரைக் கையோடு கொண்டுபோய் எடை, மடிப்பு, ரப்பர், எழுத்து எல்லாம் ஒப்பிடுங்கள். போலி ஃபில்டரில் காகித மடிப்பு பாதிதான் இருக்கும்; தூக்கினாலே லேசாகத் தெரியும்.

வேலை செய்யும் முறையில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். ஃபில்டரைத் திருகும் முன் அதன் தலையையும் சுற்றுப்புறத்தையும் கழுவித் துடையுங்கள். துடைக்க நூல் பிரியாத துணி வேண்டும். பனியன் வேஸ்ட் கைக்கு நல்லது, டீசல் லைனுக்கு எமன். அதிலிருந்து உதிர்கிற பஞ்சு நேராக உள்ளே போகும். கழற்றிய வாயை அப்படியே திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போகாமல், சுத்தமான பாலிதீனால் மூடுங்கள். பழைய ரப்பர் ரிங் தலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரல் விட்டுப் பாருங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ரிங் இருந்தால் ஒழுகும், காற்றும் பிடிக்கும். புது ரிங்கில் டீசல் தடவி, கையால் திருகி, ரிங் தொட்டபின் முக்கால் சுற்று. சில ஃபில்டரின் உடம்பிலேயே எத்தனை சுற்று என்று அச்சடித்திருக்கும், அதன்படி செய்யுங்கள். செயின் போட்டு இறுக்க வேண்டாம்.

புது ஃபில்டரில் டீசல் ஊற்றி மாட்டும் பழக்கம் பழைய வண்டிக்காரர்களுக்கு உண்டு, எனக்கும் இருந்தது. காமன் ரயிலில் இரண்டாவது ஃபில்டரை அப்படி நிரப்பாதீர்கள். கேனில் இருந்து ஊற்றுகிற டீசல் வடிகட்டப்படாதது. நடு ஓட்டையில் விழுந்தால் அது சுத்தமான பக்கத்துக்குப் போய் நேரே பம்பில் இறங்கும். காலியாக மாட்டி, டீசலைக் கையால் அடித்து ஏற்றுகிற ஹேண்ட் பம்பால் நிரப்புவதே சரி.

கழற்றிய ஃபில்டரைத் தூக்கி எறியாமல் ஒரு நிமிடம் ஒதுக்குங்கள். வெட்டி மடிப்பை விரித்துப் பாருங்கள். பழுப்புத் துகள் என்றால் டேங்க் துரு. கறுப்பு வழவழப்பு என்றால் தண்ணீரும் பூஞ்சையும். வெயிலில் மினுமினுக்கிற உலோகப் பொடி என்றால் கவலைப்பட வேண்டும்: ஏதோ ஒரு பம்ப் தேய்கிறது. ரம்பத்தால் அறுத்தால் அந்தத் தூளே மினுமினுக்கும், ஏமாந்துவிடாதீர்கள். தகடு வெட்டும் கத்தரி நல்லது.

ஏர் எடுப்பது

ஃபில்டரைக் கழற்றி மாட்டும்போது லைனில் புகுந்த காற்றை வெளியே எடுக்க வேண்டும். பழைய இன்லைன் பம்ப் வண்டிக்கு முதலில் ஃபில்டர் தலையில் உள்ள ஏர் ஸ்குரூவைத் தளர்த்தி, ஹேண்ட் பம்பை அடிக்க வேண்டும். நுரை நுரையாக வரும். நுரை நின்று கம்பி மாதிரி டீசல் வந்ததும், அடித்துக்கொண்டே ஸ்குரூவை இறுக்குங்கள். அடுத்து பம்பின் உடம்பில் உள்ள ஸ்குரூவிலும் இதேதான். இதற்கு மேலும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் இன்ஜெக்டர் முனையில் குழாய் நட்டைத் தளர்த்தி, செல்ஃப் அடித்து, டீசல் தெறித்ததும் இறுக்கலாம். பம்ப் பக்கத்து நட்டைத் தொட வேண்டி வந்தால் இரண்டு ஸ்பேனர் வேண்டும். ஒன்று நட்டுக்கு அடியில் உள்ள டெலிவரி வால்வு ஹோல்டரைப் பிடித்துக்கொள்ள, இன்னொன்று நட்டைத் திருப்ப. ஒரே ஸ்பேனரில் திருப்பினால் ஹோல்டரும் சேர்ந்து சுற்றி அடியில் உள்ள சீல் போகும். செல்ஃபை ஒரு தடவைக்கு 10, 15 வினாடிக்கு மேல் அடிக்காதீர்கள். ஒரு நிமிடம் ஆறவிட்டு மறுபடி அடியுங்கள்.

காமன் ரயில் வண்டியில் இந்தக் கடைசி வேலை கிடையவே கிடையாது. எஞ்சின் ஓடும்போதோ செல்ஃப் அடிக்கும்போதோ உயர் அழுத்தக் குழாயைத் தளர்த்தினால், அந்த அழுத்தத்தில் வருகிற டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் போய்விடும். வெளியே ஊசி குத்திய மாதிரிதான் தெரியும், உள்ளே விரலையே எடுக்க வேண்டிய நிலைக்குப் போகும். அப்படிப் பட்டால் வலிக்காவிட்டாலும் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடி, 'டீசல் பிரஷரில் ஏறியிருக்கிறது' என்று தெளிவாகச் சொல்லுங்கள். ஒழுகல் தேடக் கையை நீட்டாமல் அட்டையை நீட்டுங்கள். எஞ்சினை நிறுத்தியபின்கூட, புத்தகத்தில் சொன்ன நேரம் பொறுத்துத்தான் குழாயைத் தொட வேண்டும். இந்த வண்டிகளில் ஹேண்ட் பம்பு கல்லாக இறுகும் வரை அடித்தால் போதும், மீதியை ரிட்டர்ன் லைன் பார்த்துக்கொள்ளும். சில மாடலில் கரண்ட் பம்ப் இருக்கும். சாவியை ஆன் செய்து காத்திருந்தால் அதுவே இழுத்துக்கொள்ளும்.

காற்று எங்கிருந்து வருகிறது

தினமும் காலையில் ஹேண்ட் பம்ப் அடித்தால்தான் ஸ்டார்ட் ஆகிறது என்றால், சக்ஷன் பக்கம் எங்கோ காற்று பிடிக்கிறது. இதில் ஒரு சூட்சுமம். ஃபீட் பம்புக்கு முன்னால் உள்ள லைனில் டீசல் தள்ளப்படுவதில்லை, இழுக்கப்படுகிறது. அதனால் ஓட்டை இருந்தாலும் பல நேரம் சொட்டாது, காற்றைத்தான் உறிஞ்சும். 'எங்கயும் ஈரமே இல்லண்ணே' என்று டிரைவர் சொல்வது உண்மையாகவே இருக்கும்.

கண்டுபிடிக்க, ஃபீட் பம்புக்கு முன்னால் ஓர் அடி நீளத்துக்கு, உள்ளே ஓடுவது தெரிகிற கண்ணாடி மாதிரி ஹோஸ் போட்டு எஞ்சினை ஓட்டிப் பாருங்கள். குமிழி வந்தால் அதற்குப் பின்னால், டேங்க் பக்கம்தான் கோளாறு. டேங்கில் இருந்து வரும் ரப்பர் ஹோஸை வளைத்துப் பார்த்தால் வெடிப்பு தெரியும். கிளிப்பை இறுக்குங்கள். பேஞ்சோ போல்ட் (உள்ளே டீசல் ஓடுகிற துளை போல்ட்) கழற்றினால் செப்பு வாஷரைக் கட்டாயம் புதிதாகப் போடுங்கள். ஐந்து, பத்து ரூபாய் வாஷரை மிச்சம் பிடித்து இரண்டு நாள் வண்டியை நிறுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பம்பும் இன்ஜெக்டரும்

இவ்வளவும் பார்த்த பிறகும் கோளாறு நின்றால்தான் பம்ப் கடை. பழைய நாசில் என்றால் டெஸ்டரில் வைத்து, எத்தனை பாரில் திறக்கிறது, பனி மாதிரித் தூவுகிறதா, முனையில் சொட்டுகிறதா என்று உங்கள் கண் முன்னால் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்குகிற கடைக்குப் பம்பைக் கொடுக்காதீர்கள். பம்பில் உள்ள ஈயச் சீலை டிரைவரோ நாமோ உடைத்து 'டீசலைக் கூட்டி' வைப்பது கறுப்புப் புகையையும் பிஸ்டன் செலவையும் இழுத்துவரும்.

காமன் ரயில் இன்ஜெக்டருக்கு ரிட்டர்ன் டெஸ்ட் எளிது. ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் முனையிலும் தனித்தனிப் பாட்டில் மாட்டி, ஒரே நேரம் ஓட்டினால், தேய்ந்த இன்ஜெக்டரின் பாட்டில் மட்டும் மளமளவென்று நிறையும். புது இன்ஜெக்டர் போட்டால் அதன் தலையில் உள்ள குறியீட்டு எண்ணை ஸ்கேனர் வழியாக ஈ.சி.யு.வில் ஏற்றச் சொல்லுங்கள். ஏற்றாமல் விட்டால் எஞ்சின் தட்டும், புகையும். அடி வாஷரும் புதிது வேண்டும். ஃபில்டரில் உலோகப் பொடி கண்டிருந்தால் பம்பை மட்டும் மாற்றுவதில் பயனில்லை. ரயில், குழாய், இன்ஜெக்டர், டேங்க் வரை எல்லாவற்றையும் சுத்தம் செய்யவோ மாற்றவோ வேண்டியிருக்கும். இல்லையென்றால் பழைய பொடி புதுப் பம்பைத் தின்றுவிடும்.

புகையைப் பார்த்துக் கோளாறு சொல்வது தனிக் கலை. சுருக்கமாக: கறுப்பு என்றால் காற்று போதவில்லை அல்லது டீசல் கூடுதல், வெள்ளை என்றால் டீசல் எரியவில்லை அல்லது தண்ணீர், நீலம் என்றால் எஞ்சின் ஆயில். ஏர் ஃபில்டரைப் பார்க்காமல் கறுப்புப் புகைக்குப் பம்பைக் குறை சொல்லாதீர்கள். ஆயில் கம்பியைத் தினமும் பார்க்கும்போது மட்டம் ஏறியிருந்தால் சந்தோஷப்பட ஒன்றுமில்லை, மோந்து பாருங்கள். டீசல் வாடை வந்தால் ஃபீட் பம்பின் சீலோ இன்ஜெக்டரோ சம்புக்குள் (எஞ்சின் ஆயில் தொட்டிக்குள்) ஒழுகுகிறது. அந்த ஆயிலோடு வண்டியை ஓட்டக் கூடாது.

பி.எஸ்.6-ன் நீல மூடி

புகையைச் சுத்தம் செய்ய ஊற்றுகிற டி.இ.எஃப். என்கிற யூரியாக் கரைசலின் டேங்க் மூடி நீல நிறத்தில் இருக்கும். 32.5 சதவீதம் யூரியா, மீதி சுத்தத் தண்ணீர். தூக்கக் கலக்கத்தில் இதை டீசல் டேங்கில் ஊற்றிவிடுவது நடக்கத்தான் செய்கிறது. ஊற்றிவிட்டால் சாவியை ஆன்கூடச் செய்யாதீர்கள். கரண்ட் பம்ப் உள்ள வண்டியில் சாவி போட்டவுடனேயே அது உள்ளே இழுத்துவிடும். வண்டியை அப்படியே நிறுத்தி, டேங்கை முழுவதும் இறக்கிக் கழுவ வேண்டும். ஓட்டிவிட்டால் யூரியா உப்பாகப் படிந்து, இரும்பை அரித்து, முழு லைனும் செலவு. எங்கள் வண்டியில் டீசல் மூடிக்கு மேல் சிவப்புப் பெயின்டில் 'டீசல்' என்று தமிழிலும் கன்னடத்திலும் எழுதியிருக்கிறோம். டிரைவர் ஹாசன்காரர், கிளீனர் சங்ககிரி.

வேலை முடிந்தபின்

ஃபில்டரோ ஹோஸோ எது மாற்றினாலும் வண்டியைப் பத்து நிமிடம் ஐடிலில் விட்டு, பிறகு லோடோடு ஒரு பாலமாவது ஏற்றிப் பாருங்கள். ஐடிலில் தெரியாத காற்று அங்கே தெரியும். திரும்பி வந்து ஒவ்வொரு இணைப்பையும் துணியால் துடைத்துவிட்டு, எஞ்சினுக்கு அடியில் ஒரு அட்டைப் பெட்டியை விரித்துப் போட்டுவிட்டுத் தூங்கப் போகலாம். காலையில் அட்டையில் சொட்டு விழுந்த இடத்துக்கு நேர் மேலே பார்த்தால், இறுக்க வேண்டிய நட்டு இருக்கும். அட்டை காய்ந்திருந்தால் தேதியையும் கிலோமீட்டரையும் புது ஃபில்டரின் உடம்பிலேயே பெயின்ட் மார்க்கரால் எழுதிவிடுங்கள். நோட்டில் எழுதினால் நோட்டு ஆபீஸில் இருக்கும், வண்டி தும்கூரில் இருக்கும்.